குழல் திரும்பும் பக்கம்

மழை விட்ட நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கியிருப்பார்கள். அதன் கூர்முனை பின்னால் நிற்பவரின் வயிற்றுக்கு நேராக இருக்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பட்டாளத்தார் அங்கே இருந்தால் மட்டும் கதை வேறு. நேராகப் போய், அனுமதி கேட்காமல், இரண்டு விரலால் குடை முனையைப் பிடித்துத் தரையைப் பார்க்கத் திருப்பிவிடுவார். குடைக்காரர் திரும்பி முறைத்தால், "கீழ பாத்து பிடியும்" என்பார். அதோடு சரி. விளக்கம் கிடையாது.

குடை என்றில்லை. குழலாக நீண்டிருக்கும் எதுவும் ஒரு மனிதனைப் பார்க்கக் கூடாது அவருக்கு. இரணியலில் ஒரு கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைத் தூக்கிச் சபை பக்கம் திருப்பி வாசிக்க ஆரம்பித்ததும் எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ மரியாதைக் குறைவு நடந்துவிட்டது என்று பதறிப்போய்ச் சமாதானத்துக்கு ஆள் அனுப்பினார்கள். தன் விரலைக்கூட அவர் யாரையும் பார்த்து நீட்டமாட்டார். வழி கேட்டால் மோவாயால்தான் காட்டுவார். வெளியூர்க்காரர்கள் அவர் திமிர் பிடித்தவர் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

கொரோனா சமயத்தில் நடந்ததை நானே பார்த்தேன். வங்கி வாசலில் ஒரு சின்னப் பெண் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு நின்றிருந்தாள். பார்க்கத் துப்பாக்கி மாதிரியே இருக்குமே, அதுதான். எல்லோர் நெற்றிக்கும் நேரே நீட்டி அமுக்கிக்கொண்டிருந்தவள் இவர் நெற்றிக்கும் நீட்டினாள். சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அந்தப் பெண் அழுதேவிட்டாள். மேலாளர் ஓடிவந்தார். இவர் தன் முழங்கையைத் திருப்பிக் காட்டி, "இங்க வச்சுப் பாரு மக்கா, இங்கயும் அதே காய்ச்சல்தான் இருக்கும்" என்றார். குரல் என்னவோ சாதாரணமாகத்தான் இருந்தது. பிடித்த மணிக்கட்டைத்தான் இன்னும் விடவில்லை. வரிசையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பட்டாளத்தில் அவருக்கு ஆயுதம் பழுதுபார்க்கும் வேலை. ஓய்வுபெற்று வந்தபிறகு வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பு ஒன்று இறக்கி, அதில் ஒரு மேசையும் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸும் போட்டு, பள்ளிக்கூடங்களிலிருந்தும் சங்கங்களிலிருந்தும் வரும் ஏர் ரைஃபிள்களைச் சரிபார்த்துக் கொடுத்துவந்தார். இரும்பு அறுக்க ஒரு ஆக்ஸா பிளேடு, நாலைந்து அரம், கையால் சுற்றும் டிரில் ஒன்று, இரும்பு மூலைமட்டம், ஒரு டப்பா நிறையப் பித்தளைத் திருகாணிகள், அவ்வளவுதான் அவர் பட்டறை. வைஸில் மாட்டிய குழலின் வாய் எப்போதும் மண் நிரப்பிய சாக்குகளைப் பார்த்திருக்கும். சாக்குகளுக்குப் பின்னால் கருங்கல் சுவர், சுவருக்குப் பின்னால் குளம். அவ்வளவும் இருந்தும் போதாது. எந்தத் துப்பாக்கி வந்தாலும் முதலில் திறந்து, கம்பி விட்டு, வெளிச்சத்தில் பார்ப்பார். பிறகு தன் மனைவியைக் கூப்பிடுவார். அந்த அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அதே துப்பாக்கியைத் தானும் எட்டிப்பார்த்து, "பாத்தாச்சு" என்று சொன்னால்தான் வேலை தொடங்கும். மீன்குழம்பு கொதித்து வழிந்தாலும் வந்தாக வேண்டும்.

லைசென்ஸ் வேண்டிய துப்பாக்கி எதையும் அவர் வாசலுக்குள் விட்டதில்லை. கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஒருமுறை ஜீப்பில் வந்து இறங்கினார். அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி, சாக்கில் சுற்றியிருந்தது. பாதி குழலை அறுத்துத் தர வேண்டுமாம்.

"நீளம் எதுக்குக் குறைக்கணும்?" என்று கேட்டார் பட்டாளத்தார்.

"ஜீப்புக்குள்ள வைக்கணும் அண்ணாச்சி. நீட்டமா இருந்தா வெளிய தெரியுகு."

"வெளிய தெரியட்டும். அதுக்குத்தான் அத நீளமா செஞ்சிருக்கு. கொண்டுபோரும்."

தோட்டக்காரர் நகரவில்லை. பேச்சு ஏறியது. சத்தம் கேட்டு நான் மதில் பக்கம் போய்ப் பார்த்தேன். தோட்டக்காரர் சாக்கோடு துப்பாக்கியைத் தோளில் தூக்கிப் போட்டபோது அதன் வாய் ஒரு சுற்றுச் சுற்றி, முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவைத் தாண்டிப் போயிற்று. பட்டாளத்தார் மனைவிக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, ஜீப் கண்மறையும்வரை அசையாமல் இருந்தார். நான் மதிலை விட்டு இரண்டடி பின்வாங்கினேன். அது துப்பாக்கியைப் பார்த்தா, அவர் முகத்தைப் பார்த்தா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அந்த வீட்டில் இன்னொரு விசித்திரமும் உண்டு. 'காலி' என்ற சொல் அங்கே புழங்காது. காஸ் சிலிண்டர் "தீந்துபோச்சு", தண்ணீர்க் குடம் "கவுந்தாச்சு", பஸ்ஸில் சீட் "ஆளில்லாம கிடக்கு". நாம் வீட்டில் அரிசி இல்லை என்று சொல்லாமல் வேறு மாதிரிச் சொல்கிறோமே, அப்படி ஏதோ சாஸ்திரம் என்று விட்டுவிட்டேன். அந்த அம்மாவை நான் மைனி என்பேன், அவரை அண்ணாச்சி என்பேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயர மதில்தான். மஸ்கட்டில் இருக்கும் என் கணவரைவிட அந்த வீட்டு விவரம்தான் எனக்கு அதிகம் தெரியும்.

இனி என் மகள் கதைக்கு வருகிறேன். நிவிக்கு அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளியில் விளையாட்டாய்ப் பழகிய ஏர் ரைஃபிளில் கை நன்றாக வந்துவிட்டது. லீவில் வந்த அப்பா ஒன்று வாங்கியும் கொடுத்தார். வாங்கிக் கொடுத்தவரே நிபந்தனையும் போட்டார். இளையோர் பிரிவில் அது அவளுக்குக் கடைசி வருஷம். மாநில அணித் தேர்வில் தேறினால் மேலே போகலாம், தேறாவிட்டால் துப்பாக்கி பரணுக்கு, அவள் நர்சிங்குக்கு. நிவி சரி என்று தலையாட்டினாள். அவள் சரி என்று சொன்னால் உள்ளே ஏதோ கொதிக்கிறது என்று அர்த்தம்.

தேர்வு சனிக்கிழமை, மதுரையில். அதற்கு முந்தைய வார இறுதியில், களியக்காவிளையில் பயிற்சி முடிந்து வரும்போது, பஸ் படியில் இறங்கிய கூட்டம் தள்ளியதில் பை தோளிலிருந்து நழுவி இரும்புப் படியில் தலைகுப்புற விழுந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் குழலின் வாயோரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு நசுங்கல். இதற்கா அழுகிறாய் என்றேன். மறுநாள் பயிற்சியில் குறியட்டையைப் பார்த்தபிறகுதான் எனக்கும் விளங்கியது. அவள் நடுவில் வைத்துச் சுட்டதெல்லாம் ஓரத்துக்கு ஓடியிருந்தது, அதுவும் ஒவ்வொன்று ஒவ்வொரு பக்கம். புதிதாக ஒன்று வாங்கிப் பழகக் காலமில்லை. இரவல் துப்பாக்கியில் அவளுக்குக் கை நிற்காது.

"வாய்தான் கெட்டுருக்கு" என்றார் பட்டாளத்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு. "குண்டு கடைசியா தொடுகிற இடம் அது. அங்க ஒரு பக்கம் முட்டிச்சுன்னா காத்து ஒரு பக்கமா தள்ளிரும். முன்குறிக்கு வெளிய இந்த விரக்கடை நீட்டிக்கிட்டு நிக்கில்லா, அத அறுத்துட்டுப் புது வாய் வைக்கணும்."

"அறுத்தா பழையபடி ஆகுமா அண்ணாச்சி?"

"அறுத்தபொறவு ஒட்ட முடியாது. வேணுமா வேண்டாமான்னு பிள்ளை சொல்லட்டும்."

நிவி வேண்டும் என்றாள்.

புதன்கிழமை காலை. அண்ணாச்சி திறந்து பார்த்தார், மைனி வந்து எட்டிப்பார்த்து "பாத்தாச்சு" என்றாள். பிளேடு குழலில் இறங்கிய சத்தம் என் பல்லுக்குள் ஏறியது. நிவி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். விரல் அகலத் துண்டு கீழே விழுந்தபோது அவள் அதை எடுக்கக் குனியக்கூட இல்லை. அதன்பிறகு அரம். நாலு தேய்ப்பு, மூலைமட்டம் வைத்துப் பார்ப்பு, மறுபடி நாலு தேய்ப்பு. அவசரமே கிடையாது அந்த மனிதரிடம். வெட்டுவாய் சமமானபிறகு, வெளிச்சத்தில் பார்ப்பதற்காகத் துப்பாக்கியை வைஸிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தார். நிவி அடுப்படியிலிருந்து காப்பித் தம்ளர்களோடு சாய்ப்புக்குள் வந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் வாசலில் காஸ்காரன் கத்தினான்: "அம்மா, சிலிண்டரு! காலி இருக்கா?"

அண்ணாச்சி திடுக்கிட்டுத் திரும்பினார். கையிலிருந்த துப்பாக்கியும் கூடவே திரும்பியது. ஒரு கணம், கண் சிமிட்டும் நேரம்தான், குழலின் புது வாய் என் மகளின் நெஞ்சுக்கு நேரே நின்றது. நிவி அதைக் கவனிக்கவே இல்லை. "காப்பி தாத்தா" என்று தம்ளரை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. துப்பாக்கியை மெதுவாகத் திருப்பி மறுபடி வைஸில் மாட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எங்கள் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். தலைசுற்றலோ என்னவோ என்று நினைத்தேன். மைனி போய்க் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து ஒரே பதில்தான் வந்தது.

"வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லு. எனக்க கை சரியில்ல."

வேறு ஆளா? இந்தச் சுற்று வட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்? வெட்டி, தேய்த்து, பாதியில் விட்ட குழல் மொட்டையாய் நின்றது. முன்னேயாவது அது கோணலாகச் சுட்டது. இப்போது அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மாலைவரை பொறுத்துப் பார்த்தேன். கதவு திறக்கவில்லை. மறுநாள் விடிந்தும் திறக்கவில்லை. சாப்பாட்டை மைனி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள் என்று கேட்டதும் எனக்கு வந்ததே கோபம். மதிலைச் சுற்றிப் போகக்கூடப் பொறுமையில்லாமல், சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தாண்டிவிட்டேன்.

"அண்ணாச்சி, பிள்ளைக்க வாழ்க்கை இது! ஒங்களுக்கு வெளயாட்டா இருக்கா? ரெண்டுபேரும் பாத்துட்டுத்தானே தொடங்கினிய? அதுக்குள்ள ஒரு குண்டுகூட கிடையாது. அது கொஞ்சம் திரும்பிட்டு, அவ்வளவுதானே! அதுக்குப் போயி இப்பிடி ஒரு நாடகமா? ஊரு ஒங்களப் பைத்தியம்னு சொல்லுகது சும்மா இல்ல!"

என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. அதைவிட மோசமாக என்னவோ சொல்ல வாயெடுத்தேன். மைனி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். பிறகு அவள் செய்ததை யாரும் செய்யமாட்டார்கள். நேரே தொழுவத்துக்குப் போய் ஆட்டை அவிழ்த்தாள். கோழியைப் பிடித்துக் கூடையில் போட்டு மூடி என் கையில் கொடுத்தாள். அறை ஜன்னலுக்கு நேரே போய் நின்று சத்தமாகச் சொன்னாள்:

"நான் வெளிய போறேன். இவளையும் கூட்டிக்கிட்டுப் போறேன். பிள்ளை பள்ளிக்கூடம் போயிட்டு. ஆட்டையும் கொண்டுபோறேன், கோழியும் இல்ல. இந்தக் காம்பவுண்டுக்குள்ள ஒரு உசிரு கிடையாது. ஒங்க கை எங்க திரும்பினாலும் திரும்பட்டும். இப்பம் செய்யுங்க."

வெளிக் கேட்டைச் சாத்திக் கொண்டியும் போட்டாள். இரண்டுபேரும் ரோட்டோரம் போய் நின்றோம். நல்ல வெயில். ஆடு என் முந்தானையைத் தின்னப் பார்த்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம், "என்ன, வீட்ட விட்டு வெரட்டிட்டாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வெப்ராளமாக, ஒரே பதற்றமாக இருந்தது. நாளை இரவு ரயிலேற வேண்டும்.

"மைனி, அவருக்கு என்னதான் பயம்?" என்று கேட்டேன்.

அவள் கேட்டைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள்.

"எனக்குத் தெரியாது. கெட்டி வந்த நாளுலேருந்து இப்பிடித்தான். கேட்டா எந்திச்சுப் போயிருவாரு. நானும் கேக்கிறத விட்டுட்டேன். ஆனா ஒறக்கத்துல பேசுவாரு. எந்தப் பேச்சும் இல்ல, ஒரே ஒரு வார்த்தைதான். 'காலி, காலி'ன்னு சொல்லுவாரு. யாருக்கோ சமாதானம் சொல்லுகிற மாதிரி, சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. பொறவு அலறி முழிச்சிருவாரு. வேர்த்து ஒழுகும். அதுலேருந்து நான் அந்த வார்த்தைய வீட்டுல எடுக்கிறதில்ல."

கோழிக்கூடை என் கையில் கனத்தது. கொஞ்ச நேரம் முன்னால் அந்தக் கதவுக்கு வெளியே நின்று நான் கத்தியது ஒவ்வொன்றாகக் காதில் வந்து விழுந்தது.

அப்போது உள்ளே கை டிரில் சுற்றும் சத்தம் கேட்டது. மெல்லிய கரகரப்பு. நின்றது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. மைனி ஆட்டுக்கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுபடி சுற்றியது. உருண்டைத் தலைப் பித்தளைத் திருகாணியில் அரைக்கும் பசையைத் தடவி, டிரிலில் மாட்டி, குழலின் வாயில் வைத்துச் சுற்றுவார். மையம் துளியும் விலகக் கூடாது, கை நடுங்கக் கூடாது. அந்தக் கைதான் முந்தின நாளிலிருந்து சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. வெயில் தலைக்குமேல் வந்து சாயும்வரை அங்கேயே நின்றோம்.

கடைசியில் கேட்டுக்கு உள்ளேயிருந்து ஒரு இருமல். அவர் வெளியே வரவில்லை. மைனி போய் எடுத்துவந்தாள். துப்பாக்கி உறைக்குள் இருந்தது, வாய் வானத்தைப் பார்த்து. உறைப் பிடியில் ஒரு கொத்துப் பஞ்சு கட்டியிருந்தது. புது வாயின் விளிம்பில் பஞ்சைத் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு இழை சிக்கினாலும் மறுபடி தொடங்கிவிடுவார். அந்தப் பஞ்சில் ஒரு இழைகூடப் பிரிந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நிவி பயிற்சியில் சுட்ட அட்டையை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். எல்லாக் குண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, நடுவில் ஒரே ஓட்டையாகியிருந்தது. மதுரையில் சனிக்கிழமை அவள் பெயரைக் கடைசிக்கு முந்திய ஆளாக வாசித்தார்கள். கடைசிக்கு முந்தி என்றாலும் அணியில் இருக்கிறாள் அல்லவா! அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மஸ்கட்டுக்குப் போன் போட்டு அங்கேயும் அழுதேன். அவள் அப்பா, "சரி, துப்பாக்கி பரணுக்கு வேண்டாம், ஒட்டடை மட்டும் அடிச்சு வை" என்றார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமை நேந்திரங்காய் வற்றலும் லட்டும் வாங்கிக்கொண்டு போனோம். அண்ணாச்சி முற்றத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சாய்ப்பில் மேசை மட்டும் இருந்தது. வைஸைக் கழற்றியிருந்தார். அரங்களையும் காணோம். நிவி ஒரே ஓட்டமாக ஓடி, "தாத்தா, நான் டீம்ல இருக்கேன்!" என்றாள்.

"கொள்ளாம் மக்கா, கொள்ளாம்" என்றார். முகம் மலர்ந்துதான் இருந்தது. லட்டை வாங்கிக்கொண்டார். தின்னவில்லை. கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மைனியிடம் கொடுத்துவிட்டு, என் மகளுக்கு நேரே இரண்டு கையையும் கூப்பினார். எழுபது வயது மனிதர், பதினேழு வயதுப் பிள்ளையிடம்.

"மக்கா, அண்ணைக்கு ஒனக்க நேர திருப்பிட்டேன். மன்னிச்சிரு."

நிவிக்கு என்னவென்றே புரியவில்லை. ரோட்டோரத்தில் மைனி சொன்னது எதுவும் அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லியிருக்கவில்லை. அவள் பதறிப்போய் அவர் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவரைத் தேற்ற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஐயே, அதுக்கு எதுக்கு தாத்தா? அது காலியாத்தானே இருந்துது!"

மைனியின் கையிலிருந்த லட்டு கீழே விழுந்தது. நான் நிவியின் தோளைப் பிடித்தேன், என்ன செய்யவென்று தெரியாமல். அண்ணாச்சி இந்த முறை விலகிப் போகவில்லை. அவளுடைய சிரிப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடித்தான் மக்கா, பட்டாளத்துல நானும் அவன்கிட்ட சொன்னேன்" என்றார்.